வளைவில் பயம் எந்த நொடியில் வருகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பல வருடம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண பைக் வைத்திருந்தீர்கள். இப்போது தாழ்ந்த ஹேண்டில் கொண்ட 400 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு மாறியிருக்கிறீர்கள். நேர்ச்சாலையில் ஒரு குறையும் இல்லை. வளைவு வந்தால் கை இறுகுகிறது, தேவைக்கு மேல் வேகத்தைக் குறைக்கிறீர்கள், அப்படியும் சில சமயம் பைக் வெளி ஓரத்துக்குப் போய்விடுகிறது. பின் டயரின் இரு ஓரத்திலும் விரல் அகலத்துக்குத் தேயாத பட்டை இருப்பதைப் பார்த்து நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். இன்னும் எவ்வளவு சாய்க்கலாம், அந்தத் தைரியம் எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டவரை, கேள்வி சாய்ப்பதைப் பற்றியதே இல்லை. ஒரு வளைவுக்குள் இருக்கும்போது கையில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை, அதுதான் உங்களை உறுத்துகிறது. அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இப்படிப் பைக் மாறியவர்களுக்குப் பயிற்சி தருவது பல வருடமாக என் வேலை. வருகிற எல்லோரிடமும் முதலில் கேட்பது, பயம் சரியாக எந்த நொடியில் வருகிறது என்பதைத்தான். "வளைவில்" என்பார்கள். வளைவு என்பது ஒரு நொடி இல்லையே. வளைவு கண்ணில் பட்டதும் வரும் பயம் வேறு, பைக்கைச் சாய்க்கத் தொடங்கும்போது வருவது வேறு, சாய்ந்த பிறகு நடுவில் வருவது வேறு. ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி. பெரும்பாலும் அந்தப் பயம் பொய் சொல்வதில்லை. அது கேட்பதைக் கொடுத்துவிட்டால் தானாக அடங்குகிறது. நீங்கள் ஓட்டுவதை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் உங்களுடையது இதில் எது என்பதை அடுத்த முறை ஓட்டும்போது நீங்கள்தான் கவனித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் சாய்வுக் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரு வளைவில் பைக் எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும்தான் தீர்மானிக்கின்றன. ஓட்டுபவரின் துணிச்சலுக்கு அதில் பங்கு கிடையாது. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் போனால் சுமார் 20 டிகிரி சாய்ந்தால் போதும். 60 கி.மீ. என்றால் 30 டிகிரி, 80 என்றால் 45. டயருக்கு அகலம் இருப்பதால் நிஜத்தில் இதைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சாயும், ஆனால் போக்கு இதுதான். இதையே திருப்பிப் பாருங்கள். அதே வளைவில் 60-க்குப் பதில் 54-இல் நுழைந்தால் 30 டிகிரி 25-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. செங்கோணமாகத் திரும்பும் அப்படிப்பட்ட வளைவைக் கடக்க இதனால் கூடுதலாக ஆகும் நேரம் அரை நொடி. அந்த அரை நொடியைக் கொடுத்து இவ்வளவு சாய்வை மிச்சம் பிடிப்பதைவிட லாபமான பேரம் பைக் ஓட்டுவதில் எனக்குத் தெரிந்து இல்லை.

மிச்சம் எவ்வளவு என்பதற்கு அடுத்த கணக்கு நேரடியாகவே பதில் சொல்லும். டயருக்குத் தரையோடு இருக்கும் பிடிப்பு ஒன்றுதான். வளைவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் அதைத்தான் பங்கு போட வேண்டும். காய்ந்த, சுத்தமான தார்ச்சாலையில் பிடிப்பு எடையின் 0.9 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் வளைவதற்கு 0.58 செலவாகிறது. இந்தப் பங்கு சாதாரணக் கழித்தலாக இல்லாமல் வர்க்கக் கணக்கில் கழிவதால், பிரேக்குக்கு இன்னும் 0.69 மிஞ்சுகிறது, அதாவது மொத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல். 40 டிகிரிக்குப் போனால் அது 0.33 ஆகச் சரிகிறது. 42 டிகிரியில் எதுவுமே மிச்சமில்லை. ஆக, முதல் 30 டிகிரி கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்கிறது, கடைசிப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் எல்லாவற்றையும் விழுங்குகிறது. ஈரத்தில் பிடிப்பு 0.6 ஆகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் அதே 30 டிகிரியிலேயே கை ஏறக்குறையக் காலி. மணல், கொட்டிக் கிடக்கும் டீசல், நனைந்த வெள்ளைக் கோடு, நனைந்த இரும்பு மூடி எல்லாம் அதைவிட மோசம். இதனால்தான் டயர் ஓரத்துப் பட்டையை வைத்துத் திறமையை அளப்பது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். மோட்டோ ஜிபி பைக் பந்தய வீரர்கள் 60 டிகிரிக்கு மேல் சாய்க்கிறார்கள் என்பது உண்மை. அவர்களுக்குச் சூடேற்றிய பந்தய டயர் இருக்கிறது, பெருக்கிச் சுத்தம் செய்த தளம் இருக்கிறது, எதிரே லாரி வருவதில்லை. பொதுச் சாலையில் ஓட்டும் பைக்கின் டயரில் அந்தப் பட்டை இருப்பது ஆரோக்கியமான அறிகுறி. அப்படியே இருக்கட்டும்.

சரி, பயத்துக்கு வருவோம். வளைவு கண்ணில் பட்டதுமே வயிறு கலங்குகிறது என்றால், வேகத்தை எப்போது, எவ்வளவு குறைப்பது என்ற முடிவு உங்களிடம் இல்லை என்று அர்த்தம். அந்த முடிவைச் சாலையே சொல்லிக்கொடுக்கும். முன்னே பார்க்கும்போது சாலையின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்றாகச் சேர்ந்து மறைகிற ஒரு புள்ளி இருக்கும். பிரிட்டனில் காவல்துறை ஓட்டுநர் பயிற்சியின் அடிப்படைப் பாடங்களில் இதுவும் ஒன்று. அந்தப் புள்ளி இருந்த இடத்திலேயே நின்று, நீங்கள் அதை நெருங்கிக்கொண்டே போனால் வளைவு இறுகுகிறது, இன்னும் வேகம் குறைக்க வேண்டும். உங்கள் வேகத்திலேயே அதுவும் விலகிப் போனால் இப்போதைய வேகம் சரி. உங்களைவிட வேகமாக ஓடினால் வளைவு திறந்துகொள்கிறது, ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கலாம். இந்த ஒரு பழக்கம் பதிந்துவிட்டால், தெரியாத சாலையிலும் எந்த வேகத்தில் நுழைவது என்ற தடுமாற்றம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதோடு சேர்த்து ஒரு விதி: கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள், உங்கள் தடத்துக்குள்ளேயே நிற்க முடிய வேண்டும். சுதாரிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டு, காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் 60 கி.மீ. வேகத்தில் சுமார் 37 மீட்டர் ஆகும். 80-இல் 58 மீட்டர். இது நிமிர்ந்து நேராகப் போகும்போது. சாய்ந்திருந்தால் இன்னும் நீளும். மலைச்சாலையில் மூடிய வளைவு ஒன்றில் எத்தனை மீட்டர் தெரிகிறது என்று ஒருமுறை நிறுத்தி எண்ணிப் பாருங்கள். தேவைக்கு மேல் வேகம் குறைப்பதாக எழுதியிருந்தீர்கள். சில இடங்களில் நீங்கள் குறைத்தது சரியான அளவாகவே இருந்திருக்கலாம்.

இரண்டாவது, சாய்க்கத் தொடங்கும் கணம். பைக் மாறியவர்களுக்கு மிக அதிகமாகப் பிரச்சினை வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நடக்கிற வேகத்தைத் தாண்டிவிட்டால், வலது பக்கம் திரும்ப வலது ஹேண்டிலை முன்னே தள்ள வேண்டும். தலைகீழாகத் தோன்றும், ஆனால் இரண்டு சக்கர வண்டி எல்லாமே இப்படித்தான் சாய்கிறது. விமானம் கட்டிய ரைட் சகோதரர்களில் ஒருவரும் சைக்கிள் கடை நடத்தியவருமான வில்பர் ரைட் இதைக் கவனித்தவர். நீங்கள் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுபவர்களைக் கேட்டால் ஒருவருக்கும் முதலில் சரியாகச் சொல்லத் தெரிவதில்லை என்று சொல்லியிருக்கிறார். தெரியாமலே எல்லோரும் செய்கிறோம். சாதாரண பைக்கில் தெரியாமல் செய்தாலே போதும், ஏனென்றால் அகலமான ஹேண்டிலில் லேசாகக் கை பட்டாலே அது சாய்ந்துவிடும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில் குறுகலானது, தாழ்வானது. தள்ளுவதைத் தெரிந்தே, கொஞ்சம் அழுத்தமாகவே செய்ய வேண்டும். உடம்பைச் சாய்த்தால் பைக் திரும்பிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட், பைக்கின் சட்டத்தோடு அசையாமல் பொருத்திய இன்னொரு ஜோடி ஹேண்டிலை வைத்து ஒரு பைக்கைத் தயார் செய்தார். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எப்படி வளைத்தாலும் பைக் மெல்ல விலகுகிறதே தவிர, ஒழுங்காகத் திரும்புவதில்லை.

இப்போது இறுகிய கையைப் பற்றி. வலது கை தள்ள முயலும்போது, பயத்தில் இறுகிய இடது கையும் அதே நேரத்தில் எதிராகத் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. பைக் அடங்க மறுக்கிறது, வெளியே போகிறது என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் இதுதான். குனிந்த அமர்வில் பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும், இறுக்கம் இன்னும் கூடும். முழங்கால்களால் டேங்கை அணைத்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்குங்கள். ஓடும்போது முழங்கையை லேசாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட முடியவில்லை என்றால் பாரம் கையில்தான் இருக்கிறது. வெளிப்பக்க முழங்காலை டேங்கில் பூட்டிவிட்டால் உள்பக்கக் கை தானாகத் தளரும்.

கையைச் சரிசெய்ய சாலை ஏற்ற இடமில்லை. காலியான, மூடிய மைதானத்தில் 10 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுச் சுற்றுங்கள். 21 கி.மீ. வேகத்திலேயே 20 டிகிரி சாய்ந்துவிடும், 27-ஐத் தொட்டால் 30 டிகிரி. சாலையில் 60-இல் பயமுறுத்தும் அதே சாய்வை 27-இல் பார்த்துப் பழகலாம், வழுக்கினாலும் சேதம் குறைவு. கையுறை, ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டுதான். இரண்டு பக்கமும் சுற்றுங்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் மோசமாக இருக்கும், அந்தப் பக்கத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை இந்த விஷயத்தில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து எழுதியது அது. வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுநரின் பிழை. வழக்கமான பிழைகள் இரண்டு: அளவுக்கு மீறிப் பிரேக் பிடித்து வழுக்குவது, வேகம் அதிகமானதாலோ போதிய அளவு வளைக்காததாலோ சாலையை விட்டு வெளியே போவது. இரண்டாவதைக் கவனியுங்கள். பைக்கால் முடிந்தும் ஓட்டுபவர் சாய்க்காமல் விட்டதால் நடந்த விபத்துகளும் அதில் உண்டு. அதனால் 20 டிகிரியில் ஓட்டுகிறவருக்கு 30 டிகிரி தெரிந்திருக்க வேண்டும். நண்பர்களிடம் காட்டுவதற்காக இல்லை, என்றாவது ஒருநாள் வளைவு நினைத்ததைவிட இறுகினால் எடுத்துச் செலவழிக்க.

மூன்றாவது, சாய்ந்த பிறகு நடுவில் வருகிற பயம். இதற்குக் கண்தான் பெரும்பாலும் காரணம். முன் சக்கரத்துக்குச் சற்று முன்னே உள்ள தரையைப் பார்த்தால் அது பாய்ந்து வருவது போலத் தோன்றும், நீங்கள் போவதைவிட வேகமாகப் போகிற உணர்வு வரும். வெளி ஓரத்துத் தடுப்பைப் பார்த்தால் பைக் அங்கேயே போகும். தலையை நிமிர்த்தி, கண் மட்டம் தரைக்கு இணையாக இருக்கும்படி வைத்து, வெளியேறும் திசையைப் பாருங்கள். இதைச் சொல்வது எளிது, பயந்திருக்கும்போது செய்வது கஷ்டம் என்று தெரியும். அதனால்தான் முதலில் மைதான வட்டம்: அங்கே வட்டத்தின் எதிர்ப் பக்கத்தைப் பார்த்துப் பழகினால் கழுத்துக்கு அது பழக்கமாகிவிடும்.

நடுவில் இன்னொரு தவறு, ஆக்ஸிலரேட்டரைப் படாரென்று மூடுவது. சாய்ந்த டயரின் ஓரத்துச் சுற்றளவு குறைவு, வளைவின் இழுவையும் சேர்கிறது. அதனால் கையை அப்படியே வைத்திருந்தாலே பைக் மெல்ல வேகம் இழக்கும். வேகத்தைத் தக்கவைக்கக் கொஞ்சமாகத் திறந்து, வளைவு முடியும்வரை மயிரிழை மயிரிழையாகக் கூட்டினால் சஸ்பென்ஷன் நிதானமாக நிற்கும். படாரென்று மூடினால் பாரம் முன் சக்கரத்தில் விழுகிறது, பைக் குலுங்குகிறது, பயம் இரட்டிப்பாகிறது. கியர் குறைப்பதையெல்லாம் வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். இப்படி எல்லாம் செய்தும் பைக் வெளியே போகிறது என்றால், போக வேண்டிய இடத்தைப் பார்த்து உள்பக்க ஹேண்டிலை இன்னும் தள்ளுங்கள். மேலே போட்ட கணக்கின்படி, காய்ந்த சாலையில் நீங்கள் ஓட்டும் வேகத்தில் மிச்சம் தாராளமாக இருக்கும். பலர் அந்த நொடியில் கைவிட்டுவிடுகிறார்கள்.

எந்தக் கோட்டில் போவது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பந்தய வீடியோ பார்த்து இதைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். தடத்தின் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்து, வெளியேறும் வழி கண்ணில் பட்ட பிறகு உள்ளே திரும்புங்கள். அவசரப்பட்டு உள் ஓரத்தை முதலிலேயே தொட்டுவிட்டால் பாதி வளைவில் வெளியே தூக்கி வீசப்படுவீர்கள். எதிர்த் தடத்தை ஒட்டித் திரும்பும் வளைவில் டயர் கோட்டுக்குள் இருந்தாலும் சாய்ந்த தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர் வாகனத்தின் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளியே இருங்கள்.

இதுவரை சொன்னதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. பயிற்சியாளர்கள் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. வளைவுக்குள் போன பிறகும் முன் பிரேக்கை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே சாய்ப்பது நல்லதா என்பது அதில் முக்கியமானது. ஒரு சாரார் அதை முதல் நாளிலிருந்தே கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறார்கள், ஏனென்றால் முன் டயருக்குப் பாரம் கிடைக்கிறது, வேகத்தைக் கடைசிவரை திருத்த முடிகிறது. இன்னொரு சாரார் பிரேக்கை நேராக இருக்கும்போதே முடித்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு முந்தைய கட்சியின் வாதம் பலமாகத் தெரிகிறது, ஆனாலும் கை இன்னும் இறுகுகிற ஒருவருக்கு நான் பிந்தையதில்தான் தொடங்குகிறேன். இறுகிய விரல்களால் பிரேக்கை மெல்ல விட முடியாது. உடம்பை இருக்கையிலிருந்து உள்பக்கம் இறக்குவதிலும் இப்படித்தான். அது பைக்கின் சாய்வைச் சில டிகிரி குறைக்கும் என்பது இயற்பியல். சாலை வேகத்தில் அது அவசியமா என்பது ரசனை. நான் தலையையும் தோளையும் மட்டும் உள்பக்கம் கொண்டுபோகச் சொல்வேன், அதற்கு மேல் வேண்டாம்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறது என்று நம்பியிருந்தால், ஒரு எச்சரிக்கை. சாய்வை உணர்ந்து பிரேக்கைக் கட்டுப்படுத்தும் அமைப்பை பாஷ் நிறுவனம் 2013-இல் கேடிஎம் 1190 அட்வென்ச்சர் பைக்கில் கொண்டுவந்தது. சாய்வை அளக்கும் உணரி இல்லாத சாதாரண ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்வதை மட்டுமே பார்க்கிறது. பைக் சாய்ந்திருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. உங்கள் பைக்கில் எது என்று கையேட்டில் பாருங்கள். சாய்வை உணர்கிற வகையாக இருந்தாலும் அது பிடிப்பை உண்டாக்காது, இருப்பதைப் பங்கிட்டுத்தான் தரும்.

பைக்கையும் சந்தேகிக்க வேண்டும், அதையும் நண்பர்கள் சொல்ல மாட்டார்கள். காற்று குறைந்த முன் டயர் திரும்புவதற்கு மக்கர் செய்யும். ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் சொன்ன அளவுக்கு அழுத்தத்தை வையுங்கள். நெடுஞ்சாலையில் மட்டுமே ஓடிய டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். சாய்க்கும்போது ஒரு விளிம்பைத் தாண்டி விழுவது போல இருக்கும், அந்தப் பயத்துக்கு உங்கள் மேல் குற்றமே இல்லை. புது டயர் போட்டால் முதல் 100, 150 கி.மீ. பதமாக ஓட்டுங்கள், மேற்பரப்பின் வழவழப்பு போக வேண்டும். பழைய உரிமையாளர் கூடுதல் எடையுடன் ஓட்டியிருந்தால் பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். உட்கார்ந்ததும் பின்பக்கம் 30-லிருந்து 35 மில்லிமீட்டர் அமுங்கினால் சாலைக்கு ஏறக்குறையச் சரி.

இனி எப்படி ஓட்டிப் பழகுவது என்று. நன்றாகத் தெரிந்த, போக்குவரத்துக் குறைவான, பார்வை திறந்த ஒரு சாலையை எடுத்துக்கொண்டு அதிலேயே திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம்: இன்றைக்குக் கண், நாளைக்குக் கை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யப் பார்த்தால் எதுவும் பதியாது. வேகம் உங்களுக்குச் சலிப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருக்கட்டும். சலிப்பு வந்தால்தான் மனதுக்கு மிச்ச இடம் கிடைத்து, கை என்ன செய்கிறது என்று கவனிக்க முடியும். சோர்வு தெரிந்ததும் நிறுத்துங்கள்; நாளின் கடைசி வளைவுகளில்தான் கண் முதலில் தரைக்கு இறங்கும். பந்தயத் தளத்தில் பயிற்சி வகுப்பு கிடைத்தால் காசு செலவழித்துப் போங்கள். எதிர் வாகனம், மணல், ஆடுமாடு எதுவும் இல்லாத இடத்தில் ஒரு நாள் கற்பது சாலையில் மாதக்கணக்கில் வராது. போய்விட்டு வந்த வாரம் மட்டும் சாலையில் கூடுதல் கவனம் தேவை. கண்ணுக்கு வேகம் குறைவாகத் தெரியும்.

நண்பர்களுடன் போகும்போது கடைசி ஆளாகப் போங்கள், முன்னே போகிறவரின் பின் விளக்கைப் பார்க்காதீர்கள். அதைப் பார்த்துத் துரத்தினால் அவருடைய நுழைவு வேகம் உங்களுடையதாகிவிடும், மறைகிற புள்ளி கண்ணில் படாது. அடுத்த சந்திப்பில் நின்று காத்திருப்போம் என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கும்பல் என்றால் தனியாகவே போவது மேல்.

முதல் வேலையாக முன் டயரின் காற்றழுத்தத்தையும் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். அதில் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், கடைசி இரண்டு தயாரித்த வருடம். அப்புறம் அந்த மூன்று நொடிகளில் பயம் எதில் வருகிறது என்று கவனித்து எழுதுங்கள். அது தெரிந்தால் இதைவிடக் குறிப்பாகச் சொல்ல முடியும்.